அடியில் விழும் அடி

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும், பஸ் ஓட்டும் சம்பந்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். கல்யாணம் முடிந்து இத்தனை மாதங்களில் நானாக ஒரு வரி எழுதவில்லை. எழுதும் முதல் கடிதத்திலேயே உதவி கேட்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும், குழாய்க் கிணறு இறக்குகிறவன். துளை போடும் லாரி நுழைய முடியாத சந்துகளில், கூர்முனை வைத்த இரும்புக் குழாயை மேலிருந்து அடித்து அடித்தே மண்ணுக்குள் இறக்குவோம். ஒரு குழாய் உள்ளே போனதும் அதன் தலையில் இன்னொன்றைத் திருகி மறுபடி அடிப்போம். தண்ணீர் ஓடும் மணலைத் தொட்டதும் மேலே கைப்பம்பு. அவ்வளவுதான் வித்தை.

இப்போது ஒரு புதுக் குடியிருப்பில் வேலை. ஆற்றங்கரையில் வெள்ளத்தில் வீடு இழந்தவர்களை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வீடு கட்டிக் கொடுத்தவர்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. லாரித் தண்ணீர் வருகிற நாளில் தெருவே போர்க்களமாகிவிடுகிறது. ஆறு கிணறு இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல் தொப்பியில். சம்மட்டி நேராகக் குழாயில் விழுந்தால் திருகுகிற மரை நசுங்கிவிடும் என்று, தலையில் ஓர் இரும்புத் தொப்பியைத் திருகி அதன் மேல்தான் அடிக்கிறோம். கடையில் வாங்குகிற தொப்பி அரை நாள்கூடத் தாங்காமல் பிளந்துபோகிறது. மருமகளுக்கு எழுதினேன். "எங்க அம்மாவக் கேளுங்க மாமா. நாங்கதான் அவங்க பேச்சக் கேக்க மாட்டோம், இரும்பு கேக்கும்" என்று பதில் போட்டிருக்கிறாள்.

உங்கள் லேத் பட்டறையில் இதற்கு ஒரு வழி பிறக்குமா? சிரமம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதிலை எதிர்நோக்கும்,
சம்பந்தி


பிப்ரவரி 11

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். பட்டறையும் சுகம். அது சுகமாக இருந்தால்தான் நாங்களும்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் எடுத்தீர்கள். "சரி, சரி, ரொம்ப நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் கேட்டது குழாய் எத்தனை அங்குலம் என்று. அதற்கு "ரொம்ப நல்லது" எப்படிப் பதிலாகும் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்க எனக்கு வராது. கல்யாணத்தன்று சாப்பாட்டுக் கூடத்தில் உங்கள் பக்கத்தில் வந்து, "சாப்டீங்களா? ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டேன். நீங்கள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் கேட்டேன். அப்போதும் முகத்தைத் திருப்பவில்லை. என் தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். "பையனப் பெத்தவங்க, அப்படித்தான் இருப்பாங்க, விடுக்கா" என்றாள். பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே என்று நானும் விட்டேன். கையில் கிரீஸ் படிந்தவளோடு என்ன பேச்சு என்று நினைத்தீர்களோ என்னவோ.

அது கிடக்கட்டும். வருத்தம் வேறு, வேலை வேறு. இத்துடன் ஒரு தொப்பி அனுப்பியிருக்கிறேன். கடைத் தொப்பியில் அடி முழுவதும் மரையில் போய் இறங்குகிறது. இதில் குழாயின் விளிம்பு தொப்பியின் உள்தரையில் நன்றாக உட்காரும். மரைக்குப் பிடித்துக்கொள்கிற வேலை மட்டும்தான். பிளந்துபோன பழைய தொப்பி இருந்தால் அனுப்புங்கள், உடைந்த இடத்தைப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

இன்னொன்று. கீழே என்ன மண் இருக்கிறது, தண்ணீரைத் தொட்டாயிற்றா இல்லையா என்பதெல்லாம் மேலே நிற்கிறவருக்கு எப்படித் தெரிகிறது? ஆவலால் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சம்பந்தியம்மா


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. உங்களை அலட்சியம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் என் கனவிலும் கிடையாது. கூடத்தில் ஒரே இரைச்சல், என் கவனம் எங்கோ இருந்திருக்கிறது. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் இடுப்பில் ஓர் இடி இடித்து உங்கள் பக்கம் திருப்பியிருப்பாள். மன்னித்துவிடுங்கள். போன் விஷயம், இங்கே சிக்னல் சரியில்லை. எழுதிக் கேட்டால் நிதானமாக யோசித்துப் பதில் சொல்லவும் வசதி.

தொப்பி தாங்கிவிட்டது! முதல் கிணறு தண்ணீருக்கு வந்துவிட்டது. என் ஆட்களில் மூத்தவன் ஒருவன் இருக்கிறான், உயரத்துக்காக நெட்டை என்று கூப்பிடுவோம். அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து காட்டினான். குழந்தைகள் எல்லாம் பின்னாலேயே ஓடின.

ஆனால் தலை பிழைத்ததும் இடுப்பு உடைகிறது. தொப்பி தாங்குகிற அடி, கீழே குழாய்கள் சேரும் இடத்தில் போய்த் தாக்குகிறது. இரண்டு இடத்தில் மரை அறுந்துவிட்டது. சம்மட்டி கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் குழாயும் சாய்கிறது.

மண் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். முன்பெல்லாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். களிமண்ணில் ‘தொம்’ என்று அமுங்கும். கல்லில் ‘கிண்’ என்று தெறிக்கும். மணலுக்கு ஒரு கரகரப்பு உண்டு. தண்ணீர் வந்ததா என்று பார்க்க, வேலையை நிறுத்திவிட்டு ஒரு சின்னக் கல்லைக் குழாய்க்குள் போட்டுக் காதை வைப்போம். ‘ப்ளக்’ என்றால் தண்ணீர். இப்போதெல்லாம் நான் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கைக்கும் ஓரளவு தெரிகிறது.

பிளந்த தொப்பிகளை அனுப்பியிருக்கிறேன். சம்பந்தி பஸ்ஸைப் பதமாக ஓட்டட்டும்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மன்னிப்பை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "பாவம், நல்ல மனுஷன். நீ எழுதினதுதான் அதிகப்படி" என்றார். இவர் எப்போது என் கட்சியில் இருந்திருக்கிறார்?

சம்மட்டியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இத்துடன் வருவது ஓர் எடை. அதன் அடியில் நீளமான கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். தொப்பியின் நடுவே துளை இருக்கிறது, கம்பி அந்தத் துளை வழியாகக் குழாய்க்குள் இறங்கி நிற்கும். மேலே மூன்று கம்பங்களைக் கூம்பாகக் கட்டி, கப்பி மாட்டி, கயிற்றால் எடையை இழுத்து விட வேண்டும். யார் விட்டாலும், எப்படி விட்டாலும் கம்பி அதை நேராகத்தான் இறக்கும். தனி ஆள் பலம் தேவையில்லை. நாலு பேர் கயிற்றைப் பிடித்தால் போதும்.

கப்பிக்கு பேரிங் வைத்திருக்கிறேன். என் லேத்தில் நிற்கிற பெண், "அக்கா, இது கிணத்துக்கா இல்ல ஊஞ்சலுக்கா?" என்று கேட்டாள். அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

மகள் ஒரு குறை சொன்னாள். மாப்பிள்ளை உங்களுக்குப் போன் செய்தால் "நல்லா இருக்கேன், வச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறீர்களாம். "அப்பாவுக்கு எங்க மேல ஏதாவது மனத்தாங்கலா?" என்று அவர் கேட்கிறாராம். என்னவென்று அவரிடம் சொல்வது?

அன்புடன்,
சம்பந்தியம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். மகன் மேல் எனக்கென்ன மனத்தாங்கல்? ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். நானும் எழுதுகிறேன்.

எடை அருமை. குழாய் நூல் பிடித்தது போல் நேராக இறங்குகிறது. குடியிருப்புப் பெண்களும் கயிறு இழுக்க வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு தையல்காரி இருக்கிறாள். யாருக்கும் பயப்படாதவள். "தண்ணி எங்களுக்குத்தானே? அப்ப நாங்க ஏன் வேடிக்க பாக்கணும்?" என்று என் ஆட்களை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றாள். அவள் கைக்குக் கயிறு நன்றாகப் படிந்துவிட்டது. இரண்டாவது கிணறும் முடிந்தது.

மூன்றாவதில் ஒரு பிசகு. கல்லைப் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் இல்லை என்று தோன்றியது. இன்னும் அடிக்கச் சொன்னேன். முனை மணலைத் தாண்டிக் கீழே களிமண்ணுக்குள் போய்விட்டது, முனையை ஒட்டித் தண்ணீர் நுழைவதற்காக இருக்கும் சல்லடைக் குழாயின் துளையெல்லாம் அடைத்துக்கொண்டது. ஜாக்கி வைத்து மேலே தூக்கும்போது ஓர் இணைப்பு அறுந்து, அத்தனையும் வீண். தையல்காரி, "ப்ளக்குனு எங்க எல்லாருக்கும் கேட்டுச்சே ஐயா, நீங்க ஏன் இன்னும் அடிக்கச் சொன்னீங்க?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாளாம். நெட்டை பிறகு சொன்னான். கூட்டம் என்றால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

வேறு இடத்தில் மறுபடி இறக்கிக் கொடுத்துவிட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க அதில் ஒரு கைப்பிடி மாட்ட முடியுமா? அதிர்வு கைக்கு இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 12

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். இங்கே வெயில் தவிர வேறு தொல்லை இல்லை. நீங்களும் நிழல் பார்த்து வேலை செய்யுங்கள்.

கைப்பிடி எதற்கு? அடி விழும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் தோள் கழன்றுவிடும். மூன்றாவது கிணற்றைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தத் தையல்காரி சொன்னதை நீங்கள் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் மற்றவர்கள் சொல்வதைக் கேட்காமல் போவது என் பட்டறையிலும் நடக்கிறதுதான்.

அடுத்த கிணறு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.

சம்பந்தியம்மா


மே 6

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே.

நெட்டைக்குக் கையில் அடிபட்டுவிட்டது. எடையை மேலே தூக்கி நிறுத்தியிருந்தோம். அவன் தொப்பியைச் சரிசெய்யக் கை வைத்திருக்கிறான். "இருங்கண்ணே" என்று கத்தியிருக்கிறான். நான் மறுபக்கம் நின்று கயிற்றை விடச் சொல்லிச் சைகை காட்டிவிட்டேன். அன்று காற்று பலம். அவன் சொன்னது எனக்கு எட்டவில்லை. இரண்டு விரல் எலும்பு முறிந்திருக்கிறது. கை போகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கருவியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

நான்காவது கிணறு பாதியில் நிற்கிறது. வேலையை நிறுத்திவிட்டேன். வயதாகிறது, போதும் என்று தோன்றுகிறது. இனி எதுவும் செய்து அனுப்ப வேண்டாம். மகனுக்கும் மருமகளுக்கும் இது தெரிய வேண்டாம்.

சம்பந்தி


மே 30

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். நெட்டையின் கை தேறி வருகிறதா? அவர் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆறுதலைச் சொல்லுங்கள். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னார் வீட்டுக்காரர். நீங்கள் சொன்னபடி பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை.

ஒரு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கல்யாணக் கூடத்தில் நடந்ததாக பிப்ரவரியில் ஒன்று எழுதினேன் அல்லவா, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் எழுதியதையும் சேர்த்துக் கிழியுங்கள்.

எங்கள் பட்டறையில் பவர் ஹாமரில் நிற்கிற பெரியவர் ஒருவர் உண்டு. அந்த இரும்புச் சம்மட்டியின் பக்கத்திலேயே அவர் வாழ்நாள் போய்விட்டது. உங்கள் ஊரில் நடந்த விபத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், கையை ஆட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து. அவருக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். காற்று என்று சொன்னதும் தலையை ஆட்டினார். "காத்தா? நானும் அப்படித்தாம்மா சொல்லிட்டிருந்தேன். காத்து, சத்தம், ஞாபக மறதி. காது போச்சுன்னு சொன்னா வேலையும் போயிடும்னு பயம். நீங்களா கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் நிம்மதியா தூங்கினேன்" என்றார். இன்றைக்கும் எங்கள் பட்டறையில் அவர்தான் முதல் ஆள். ஏனோ இதை உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். செய்து அனுப்ப வேண்டாம் என்றீர்கள். இரண்டு வாரம் உங்கள் பேச்சைக் கேட்டுப் பார்த்தேன், கை கேட்கவில்லை.

குழாயை நாம் தலையில் அடித்துத் தள்ளுகிறோம். அத்தனை நீளக் குழாயையும் அத்தனை இணைப்புகளையும் தாண்டி அடி முனைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மரை அறுகிறது, குழாய் வளைகிறது, ஊரெல்லாம் சத்தம். துணியில் ஊசி போகும்போது நூலை யாராவது பின்னாலிருந்து தள்ளுகிறார்களா? அதனால் தலையை விட்டுவிட்டு அடியில் அடிக்கலாம் என்று பார்த்தேன். முனைக்கு உள்பக்கம் கனமான இரும்புத் தரை ஒன்று வைத்திருக்கிறேன். நீளமான ஒரு தண்டைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள்ளேயே விட வேண்டும், உரலில் உலக்கை விழுகிற மாதிரி. அது போய் முனையை அடிக்கும். முனை கீழே போகும், குழாய் அதன் பின்னால் வரும்.

பட்டறைக்குப் பின்புறம் நானும் லேத் பெண்ணும் இறக்கிப் பார்த்தோம். அடி மண்ணுக்குள்ளேயே விழுவதால் சத்தம் மேலே வருவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. தண்டு குழாய்க்குள் விழுகிறது, அதன் கீழே யாரும் கை வைக்க நினைத்தாலும் முடியாது. இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆறவே இல்லை.

இன்னொன்று நான் யோசிக்காமலே கிடைத்தது. இழுத்துக்கொண்டே இருந்தோம். திடீரென்று அந்தப் பெண், "அக்கா, கயிறு நனைஞ்சிருக்கு!" என்று கத்தினாள். கயிற்றின் நுனி ஒரு சாண் கறுத்திருந்தது. தண்ணீர் குழாய்க்குள் வந்துவிட்டது! கல் போட வேண்டாம், வேலையை நிறுத்த வேண்டாம். ஒவ்வோர் அடிக்கும் கயிறு மேலே வரும்போதே சேதியோடு வருகிறது. தண்டில் ஒட்டி வருவதைத் தேய்த்துப் பார்த்தால் மணலா களியா என்றும் தெரிகிறது.

இந்தக் கருவிக்குக் கண்ணும் கையும் இருந்தால் போதும், சம்பந்தி. வேறு எதுவும் வேண்டாம்.

லாரியில் ஏற்றிவிட்டேன். பிடிக்காவிட்டால் ஒரு மூலையில் போட்டுவையுங்கள்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


ஜூலை 8

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்களுக்கும் சம்பந்திக்கும் ஆயுள் பெருகட்டும். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

உங்கள் பவர் ஹாமர் பெரியவரிடம் சொல்லுங்கள், அவரைப் போல இங்கே இன்னொருவன் இருக்கிறான் என்று.

இடது காது போய் வருடங்கள் ஆகின்றன. வலது காதில் எப்போதும் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வருவது கொஞ்சம்தான். கூடத்தில் நீங்கள் வந்து நின்றது என் இடது பக்கம். மகனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தி அவன் வீட்டு மூலையில் உட்காரவைத்துவிடுவான். ஆட்களுக்குத் தெரிந்தால் என் பின்னால் வர மாட்டார்கள். இப்படி நினைத்தே காதும் காதும் வைத்த மாதிரி இருந்துவிட்டேன். அந்தக் காதுதான் இல்லையே, சிரிக்காதீர்கள். நெட்டை விரல் கட்டோடு என் முன்னால் வந்து நின்ற நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது.

உங்கள் தண்டு வந்து பிரிக்காமலே ஒரு வாரம் கிடந்தது. தையல்காரி வந்தாள். என் முகத்துக்கு நேரே நின்று, "சாமான் வந்திருக்கு, ஆள் இருக்கு, பாதிக் கிணறு இருக்கு. நீங்க மட்டும் எங்க ஐயா?" என்றாள். மறுநாள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். எனக்குக் காது கேட்காது. என்னால்தான் அடிபட்டது. இஷ்டமிருப்பவர்கள் இருக்கலாம், இல்லாதவர்கள் போகலாம்.

யாரும் எழுந்து போகவில்லை. நெட்டை எதிரே வந்து குனிந்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னான்: "எங்களுக்கு எப்பவோ தெரியும்ணே. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். அதுதான் நாங்க செஞ்ச தப்பு." எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், அத்தனை பேர் நடுவில்.

தையல்காரி சிவப்புத் துணியைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள். யார் அதைத் தூக்கினாலும் வேலை அந்த நொடியே நிற்கும். காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் அதுதான் சட்டம்.

பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, உங்கள் புது முனையோடு நான்காவது கிணறு இறங்கிக்கொண்டிருக்கிறது. அடி விழுவது கயிறு வழியாக என் உள்ளங்கைக்கு வருகிறது. களி வேறு, மணல் வேறு என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. குறை சொல்லட்டுமா? தண்டு விழும்போது சுழல்கிறது, கயிறு முறுக்கேறி இழை பிரிகிறது. ஒரு நாள் அறுந்து தண்டு உள்ளேயே தங்கிவிட்டது. கொக்கி வளைத்துத் துழாவி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. கயிறு கட்டும் தலை தனியாகத் திரும்புகிற மாதிரி இருந்தால் நல்லது.

மகனுக்கு நானே எழுதுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

நன்றியுடன்,
சம்பந்தி


ஜூலை 16

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். கண்ணில் இரும்புத் தூள் விழுந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். பெரியவர் மட்டும் நம்பவில்லை. நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன். "அவர ஒரு தடவ இங்க வரச் சொல்லுங்கம்மா, ரெண்டு பேரும் கத்திப் பேசிக்கலாம்" என்றார்.

இத்துடன் சுழலும் தலை. உள்ளே பேரிங், வெளியே ரப்பர் வளையம், மணல் நுழையாது. தண்டையும் இரண்டு துண்டாக்கித் திருகிக்கொள்ளும்படி செய்திருக்கிறேன், தூக்கிப் போக எளிது. கொக்கி வளைத்து எடுத்தீர்களே, அதற்கும் தலையில் ஒரு காது வைத்திருக்கிறேன். காது என்று எழுதிவிட்டேன். வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

மகனுக்கு எழுதுவது உங்கள் சௌகரியம். ஆனால் காது டாக்டரைப் பார்ப்பது உங்கள் சௌகரியம் அல்ல. அடுத்த கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் இவரை பஸ்ஸோடு அங்கே அனுப்பிவைப்பேன்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


செப்டம்பர் 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். சம்பந்தி, பெரியவர், லேத் பெண், எல்லோரும் சுகம் என்று மருமகள் சொல்லக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். அவளும் மகனும் லீவு போட்டு வந்து இங்கேதான் இருக்கிறார்கள். என் கடிதத்தைப் படித்ததும் கிளம்பிவிட்டார்கள். மகன் முதல் நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஒரு தாளில் எழுதித் தள்ளினான்: "இத்தனை நாள் நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அப்பா."

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். இடது காது அவ்வளவுதான். வலது காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறார். மனிதக் குரல் தகரத்தில் பேசுவது போல வருகிறது, போகப் போகப் பழகும் என்கிறார். சம்மட்டிப் பக்கம் போனால் மீதியும் போகும் என்றார். "சம்மட்டியைத் தூக்கிப் போட்டு மாதங்கள் ஆகிவிட்டன டாக்டர்" என்றேன். உங்கள் தண்டைப் படம் போட்டுக் காட்டினேன். வெளியே ஆட்கள் காத்திருக்க, அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

மகன் என்னை மூலையில் உட்காரவைப்பான் என்று பயந்தேனே, அவன்தான் நேற்று முழுக்கக் கயிறு இழுத்தான். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "அப்பா, இதையா இத்தன வருஷம் சம்மட்டியால செஞ்சீங்க?" என்று கேட்டான். மருமகள் உங்களை உரித்து வைத்திருக்கிறாள். கப்பியின் கட்டு சரியில்லை என்று என்னையே அதட்டினாள்.

நேற்று ஆறாவது கிணறு. தெருக்கோடி, சரளை மண், எல்லோரும் கைவிட்ட இடம். முந்தைய கருவிகளோடு போயிருந்தால் பாதி வழியில் மரை அறுந்திருக்கும். குழாய் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. மத்தியானம் வரை கயிறு காய்ந்தே வந்தது. பெண்கள் முகம் வாடிவிட்டது. ஒருத்தி லாரிக்காரனுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று கேட்டாள். ஆனால் உள்ளங்கையில் அடி மாறிக்கொண்டே வந்தது. கடகடவென்று இருந்தது மெல்ல மிருதுவாகி, ஈர மூட்டையில் குத்துகிற மாதிரி ஆயிற்று. இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினேன்.

தையல்காரிதான் முதலில் பார்த்தாள். சத்தமே போடவில்லை. சிவப்புத் துணியை உயர்த்தினாள். வேலை நின்றது. கயிற்றைத் தண்டிலிருந்து அவிழ்த்து, அதன் நுனியை என் கையில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. நான் அதை அப்படியே நெட்டையிடம் கொடுத்தேன். விரல் கொஞ்சம் கோணியிருந்தாலும் பிடி பழையபடி வந்துவிட்டது அவனுக்கு. அவன் என் மகனிடம் கொடுத்தான். கயிறு கை மாறி கை மாறித் தெரு முழுக்கப் போய்விட்டு வந்தது.

ஆற்றின் அக்கரையில் இதே போல் இன்னொரு குடியிருப்பு இருக்கிறதாம். அங்கிருந்து நேற்றே ஆள் வந்துவிட்டது. நெட்டை தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டு போகப் போகிறான், தையல்காரியும் அதில் போகிறாள். அவர்களுக்கு ஒரு முழு செட் வேண்டும். தண்டைக் கொஞ்சம் கனம் கூட்டிச் செய்யுங்கள், பிடிக்க ஆள் நிறைய இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் புதுப் பம்பின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் வரிசை கட்டிப் பம்பை அடித்துக்கொண்டிருக்கிறார்கள், விடுகிற பாடில்லை. தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் வருகிறது. புதுக் கிணறு அப்படித்தான் இருக்கும். நாளைக்குத் தெளிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி